தலை முதலா, வால் முதலா

சென்னையில் அந்த வருஷம் குப்பை வண்டிக்கு இருந்த மரியாதை மந்திரி காருக்குக்கூட இல்லை.

காலையில் அண்ணா சாலை ஓரம் நின்று பார்த்தால் தெரியும். பச்சை வண்டி ஒன்று, மேலே அழுகின முட்டைக்கோஸ் இலை தொங்க, பேய் பிடித்த மாதிரி பறந்து வரும். அதைப் பார்த்துக் கார் ஒதுங்கும், பஸ் ஒதுங்கும், மந்திரி வண்டி முனகிக்கொண்டே ஒதுங்கும். கொடுமையைக் கேளுங்கள், ஆம்புலன்ஸும் ஒதுங்கும். உள்ளே ஒரு உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கும். வெளியே வாழைப்பழத் தோலுக்கு ராஜ மரியாதை நடக்கும்.

ஊரில் அப்போது எல்லாமே தானோடி வண்டிகள்தான். டிரைவரும் கிடையாது, சிவப்பு பச்சை விளக்கும் கிடையாது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கோபுரம் நிற்கும். வண்டிகள் அதனோடு காற்று வழியே பேசும். அந்தப் பேச்சுக்குத் தெருமொழி என்று பெயர். சந்திப்புக்கு வரும் வண்டி முதலில் தன் அவசரத் தரத்தைச் சொல்ல வேண்டும்: சாதாரணக் கார் இரண்டு, சரக்கும் குப்பையும் மூன்று, பஸ்ஸும் மந்திரியும் ஐந்து, ஆம்புலன்ஸ் ஆறு, தீயணைப்பு வண்டி ஏழு. எண் பெரிதாக இருப்பவனுக்குக் கோபுரம் முதலில் வழி விடும். சின்னக் குழந்தைக்கும் புரியும் ஏற்பாடு.

ஆனால் அந்த எண்ணை எப்படிச் சொல்வது? மூன்று பிட்டுகளில், அதாவது பூஜ்யமும் ஒன்றுமான மூன்று இலக்கங்களில். மூன்று என்றால் 011, ஆறு என்றால் 110. இதை எந்தப் பக்கத்திலிருந்து அனுப்புவது என்பதில்தான் வந்தது வினை. தெருமொழிக்கான வரைவின் நான்காம் அத்தியாயம் வால் முதலில் போகட்டும் என்றது. ஒன்பதாம் அத்தியாயம் தலை முதலில் வரட்டும் என்றது. இரண்டையும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு ஊரில் உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். வண்டி செய்தவர்கள் நான்காம் அத்தியாயத்தைப் பார்த்துச் செய்தார்கள். கோபுரம் செய்த மின்மலர் நிறுவனம் ஒன்பதாம் அத்தியாயத்தைப் பார்த்துச் செய்தது. ஆம்புலன்ஸ் 110 என்பதை வாலிலிருந்து அனுப்பினால் கோபுரத்தின் காதில் 011 என்று விழும். ஆறு மூன்றாகிவிடும், மூன்று ஆறாகிவிடும். இரண்டு 010, ஐந்து 101, ஏழு 111, இவற்றை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். அதனால் மற்றவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

சோதனை செய்து பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். செய்தார்களே! நல்ல நாள் பார்த்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, மந்திரியைக் கூப்பிட்டுச் செய்தார்கள். கார் ஓடியது, பஸ் ஓடியது, தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு ஓடியது. எல்லாம் கனகச்சிதம். ஆம்புலன்ஸையும் குப்பை வண்டியையும் மட்டும் திடலுக்குள் விடவில்லை. நல்ல காரியம் நடக்கும் இடத்தில் ஆம்புலன்ஸ் எதற்கு, மந்திரி கண்ணில் குப்பை வண்டி படலாமா என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்ல, மற்ற புண்ணியவான்கள் தலையாட்டினார்கள். தப்பு எந்த இரண்டு வண்டியில் இருந்ததோ அந்த இரண்டும் வெளியே மரத்தடியில் நின்றன.

அதன் பிறகு மின்மலர் செய்ததுதான் அயோக்கியத்தனம். கோபுரங்களின் பதிவைப் பார்த்து முதலில் விஷயத்தைக் கண்டுபிடித்தது அவர்கள்தான். கண்டுபிடித்ததும் சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. ‘விரைவுப் பொதி’ என்று ஒரு சந்தாவை ஆரம்பித்தார்கள். உங்கள் காரைச் சரக்கு வண்டியாகப் பதிந்துகொள்ளுங்கள், ஊரில் எங்கேயும் நிற்க வேண்டாம் என்றார்கள். சட்டப்படி சரக்கு ஏதாவது இருக்க வேண்டுமே, அதற்காகப் பின் சீட்டில் ஒரு காலி அட்டைப்பெட்டி. கொஞ்ச நாளில் வசதியுள்ள வீட்டுக் கார்களில் எல்லாம் அந்தப் பெட்டி வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் நிற்பதற்கு நெரிசல்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின.

இந்த முரண்பாட்டை வரைவிலேயே பார்த்துச் சொன்ன ஆள் ஒருத்தி இருந்தாள். பெயர் எப்சிபா. பாளையங்கோட்டைக்காரி. வண்டி மூளைக்கு நிரல் எழுதும் ஒரு சின்னக் கம்பெனியின் சார்பில் தெருமொழிக் குழுவில் உறுப்பினர். நான்கும் ஒன்பதும் அடித்துக்கொள்கின்றன, ஒன்றைத் தீர்மானியுங்கள் என்று முறைப்படி ஆட்சேபம் கொடுத்தாள். குழுத் தலைவர் பரந்தாமன், மின்மலரில் பாதி வாழ்க்கையை ஓட்டியவர், அதை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“இது எழுத்துநடை சம்பந்தப்பட்டது மேடம். அச்சுக்குப் போறப்ப பாத்துக்கலாம்” என்று சொல்லி, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் நிராகரித்து முடித்துவிட்டார்.

எப்சிபா அன்றைக்கு அதற்கு மேல் சண்டை போடவில்லை. அவளுடைய கணவன் செல்வின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது அதற்கு அடுத்த வருஷம்.

சைதாப்பேட்டைச் சந்திப்பில் அந்த ஆம்புலன்ஸ் நின்றது. நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எப்சிபா உள்ளே அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியே பார்த்தால், எதிரில் கார் கார் காராகப் போகிறது. ஒவ்வொன்றின் பின் சீட்டிலும் ஒரு காலிப்பெட்டி. ஒருத்தன் போனில் பேசிச் சிரித்துக்கொண்டே போனான். இன்னொருத்தி உதட்டுச்சாயம் பூசிக்கொண்டே போனாள். “என்ன எப்சி, வண்டி நிக்கா?” என்று செல்வின் கேட்டான். “இல்லப்பா, போய்க்கிட்டுதான் இருக்கோம்” என்று அவள் சொன்னாள். அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னது ஒரு பொய். அந்தப் பொய்யைத் தன் வாயில் வைத்தவன் பரந்தாமன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அவள் வயிற்றெரிச்சல் அந்த மாதிரி. ஜெபத்தில்கூட அவள் சமாதானம் கேட்கவில்லை, பரந்தாமனைத்தான் கேட்டாள்.

அவள்தான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தாள். பெரிய ரகளையாயிற்று, வழக்கும் ஆயிற்று. கோபுரம் தப்பு என்றார்கள் வண்டிக்காரர்கள், நான்காம் அத்தியாயத்தைக் காட்டி. வண்டி தப்பு என்றது மின்மலர், ஒன்பதாம் அத்தியாயத்தைக் காட்டி. இரண்டு பேர் கையிலும் ஒரே புத்தகம். கடைசியில் நீதிமன்றம் குழுவைக் கூப்பிட்டு, நீங்களே உட்கார்ந்து ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள் என்றது. குழுவின் விதிப்படி, ஆட்சேபம் கொடுத்தவர் சம்மதித்தால்தான் தீர்வு செல்லும். ஆக, எப்சிபாவின் ஒரு வார்த்தைக்காகப் பரந்தாமன் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கூட்டம் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றில் நடந்தது. பரந்தாமன் வெள்ளைச் சட்டையில், நெற்றியில் சின்னதாகச் சந்தனம் வைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரிக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“யார் தப்புங்கற பேச்சே வேணாம். ஒன்பதாம் அத்தியாயத்தை வச்சுக்கலாம். தலை முதல். ஆம்புலன்ஸையெல்லாம் உடனே மாத்திடலாம், ஒரே நாள் வேலை. குப்பை வண்டியையும் மாத்திடலாம். ஜனங்க ஏற்கெனவே வாங்கின தனியார் வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. அவங்க இப்ப அனுப்பற மாதிரியே அனுப்பிட்டுப் போகட்டும். பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க?”

பாவமாம்! சந்தா நிற்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். மின்மலர் தலை நிமிர்ந்து நிற்கும், கோபுரம் தப்பில்லை என்றாகும், வழக்கு விழும், அட்டைப்பெட்டிக் கார்கள் பழையபடி பறக்கும். எல்லோரும் எப்சிபாவைப் பார்த்தார்கள். மேசையைத் தூக்கி அடிப்பாள் என்று எதிர்பார்த்தார்கள். குழுச் செயலாளர் மைதீன் பிச்சை, அவளுக்கு ஊர்க்காரர், மேலப்பாளையத்துக்காரர், தண்ணீர் டம்ளரை அவள் கைக்கு எட்டாமல் நகர்த்தியே வைத்தார்.

“எனக்குச் சம்மதம்” என்றாள் எப்சிபா.

பரந்தாமன் காதை நம்பாதவராக, “மேடம்?” என்றார்.

“சம்மதந்தான் சார். ஒரு வரி மட்டும் சேத்துக்கிடுங்க. கோபுரம் எந்தத் தரமுன்னு கேக்கோ, அதுதான் வண்டியோட தரம். வண்டி தன்னை என்னன்னு நெனச்சிருந்தாலும் சரி, பதிவுல என்ன இருந்தாலும் சரி, கோபுரம் சொன்னா வண்டி ஒத்துக்கிடணும். விலக்குள்ள வண்டிக்கும் இது உண்டு. பெறவு இந்த மூணா ஆறாங்கிற சண்டையே வராது பாருங்க.”

பரந்தாமன் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மலர்ந்தது. இந்த வரி வந்தால் அட்டைப்பெட்டிக் கார் கள்ளத்தனமாக ஆறு இல்லை, சட்டப்படியே ஆறு. இனி எவனும் கேட்க முடியாது. இவளாகவே வந்து தட்டில் வைத்துக் கொடுக்கிறாளே!

“நீங்க பெரிய மனசுக்காரங்க மேடம். செல்வின் சார் ஆத்மா சாந்தியடையும்” என்றார்.

அவன் பெயரை இவர் வாயால் கேட்டபோது எப்சிபாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சிரித்துவைத்தாள்.

கையெழுத்தெல்லாம் முடிந்து மற்றவர்கள் சாப்பிடப் போனதும் மைதீன் அவளை வராந்தாவில் மடக்கினார்.

“என்ன காரியம் பண்ணிட்ட எப்சிபா? ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? அந்த ஆளைத் தப்பிக்க விட்டுட்டியே!”

“விடுவனாண்ணே? பதினோராம் அத்தியாயத்தைப் படிச்சுப் பாருங்க.”

பதினோராம் அத்தியாயத்தை எப்சிபாவைத் தவிர அந்தக் குழுவில் யாரும் படித்ததில்லை. பரந்தாமன் எந்த அத்தியாயத்தையும் படித்ததில்லை. அவர் தலைமை மட்டும்தான் தாங்குவார். பதினோராவது ஆம்புலன்ஸுக்கான அத்தியாயம். ஒரு காலத்தில் சில ஆம்புலன்ஸ்காரர்கள், கமிஷன் கொடுக்கிற ஆஸ்பத்திரிக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பாதி வழியில் நிறுத்தி, வேறு வண்டிக்கு மாற்றி விற்பதுகூட உண்டு. அதைத் தடுக்க அந்த அத்தியாயம் ஒரு கடுமையான ஏற்பாடு செய்திருந்தது. ஆறாம் தரத்து வண்டி எங்கேயும் திரும்பாமல், பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி வாசலுக்குத்தான் போகும். வாசலில் டாக்டர் வந்து பார்த்து, கைரேகை வைத்து, நோயாளியைப் பெற்றுக்கொண்டேன் என்று சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். அதுவரை உள்ளேயிருந்தும் திறக்காது, வெளியேயிருந்தும் திறக்காது.

“இதுவரைக்கும் அந்தக் கார்களுக்குக் கோபுரம் வழி மட்டுந்தான் விட்டுச்சு. கார் தன்னை மூணுன்னே நெனச்சுக்கிட்டு இருந்துச்சு. இனிமே கோபுரம் நீ ஆறுன்னு சொல்லும், கார் ஒத்துக்கிடும். ஒத்துக்கிட்டா எங்க போவும்? அத்தனை அட்டைப்பெட்டிக் காரும் கதவைப் பூட்டிக்கிட்டு எமர்ஜென்சி வாசலுக்குப் போவும். அந்த ஆளும் உள்ள இருப்பாருல்லா? உள்ள ஒக்காந்து கண்ணாடியைத் தட்டட்டும்ணே. நான் பாக்கணும்.”

மைதீன் சாப்பாட்டு அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெல்ல, “கோர்ட்டுல வச்சு ஜெயிச்சிருக்கலாமேம்மா” என்றார்.

“கோர்ட்டா? மேல் கோர்ட்டு, அதுக்கு மேல கோர்ட்டு. அந்த ஆளு அபராதத்தைக் கட்டிட்டு அடுத்த கூட்டத்துக்குத் தலைவரா வந்து ஒக்காருவாரு. அவரு பூட்டுன வண்டிக்குள்ள இருந்து பாக்கணும்ணே. எனக்கு அது போதும்.”

“அது சரி. இத்தனை காரும் ஆஸ்பத்திரி வாசல்ல போய் அடைச்சா, நெசமான நோயாளி எப்படி உள்ள போவான்?”

“அதெல்லாம் வாசல் அகலமாத்தான் இருக்கு. வந்தது ஒண்ணும் நோயாளி இல்லன்னு டாக்டருங்க பாத்த ஒடனே தெரிஞ்சுபோவும். கொஞ்ச நேரத்துல வெளிய விட்டுருவாங்க. அது சின்ன விசயம்ணே” என்றாள் எப்சிபா. சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். அன்றைக்கு வெகுநாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

தீர்வு அமலுக்கு வருவதற்கு முன்னால் மின்மலர் ஊரெல்லாம் விளம்பரம் செய்தது. ‘இப்போது சட்டப்படியே! இனி யாரும் உங்களைத் தடுக்க முடியாது!’ இதுவரை பயந்துகொண்டு வாங்காதவர்களும் விழுந்தடித்து வாங்கினார்கள். குடியிருப்புச் சங்கங்கள் மொத்தமாக வாங்கின. டியூஷன் சென்டர் வேன், கல்யாண மண்டபத்துக் கார், பூக்கடைக்காரர், வங்கி மேலாளர், ஒருத்தர் பாக்கியில்லை. ஊரில் காலி அட்டைப்பெட்டிக்குத் தட்டுப்பாடு வந்தது. விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எப்சிபா, “வாங்க, எல்லாரும் வாங்க” என்று வாய்விட்டே சொன்னாள். செல்வினுக்கு முன்னால் அன்றைக்குச் சைதாப்பேட்டையில் போனவர்கள் ஒருத்தர்கூட விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தாள்.

அந்த நாள் வந்தது. எப்சிபா குழுவின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காலையிலேயே, பரந்தாமன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரிக் காவலர் என்ன ஏது என்று கேட்டதற்கு, வண்டிகளைப் பார்வையிட வந்ததாகச் சொன்னாள். அது உண்மைதான்.

முதல் கார் வந்தது. பட்டுப்புடவை கட்டின ஒரு அம்மாள் உள்ளே. தங்க நகைக்கடைக்குப் போக வேண்டியவளை எமர்ஜென்சியில் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி இருக்கும்? கண்ணாடியை இறக்கப் பார்த்தாள். நாலு விரல் அளவுக்கு மேல் இறங்கவில்லை. “யோவ், எனக்கு ஒண்ணுமில்லய்யா! நான் நல்லாத்தான்யா இருக்கேன்!” என்று கத்தினாள். அதற்குள் பின்னால் இரண்டு, அதற்குப் பின்னால் நான்கு. ஒரு மாப்பிள்ளை மாலையோடு வந்தார். ஒரு வக்கீல் கறுப்புக் கோட்டில் வந்தார். ஒருத்தர் துண்டைக் கட்டிக்கொண்டு முகத்தில் சோப்பு நுரையோடு வந்தார். வண்டியிலேயே சவரம் செய்கிற பழக்கம் போலிருக்கிறது. காவலர் தலையில் அடித்துக்கொண்டார். எப்சிபா சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். செல்வின் இருந்தால் அவனும் சிரித்திருப்பான் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் முட்டியது, அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை.

டாக்டர்கள் ஓடிவந்தார்கள். இரண்டே பேர். ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்து, கைரேகை வைத்து, கதவு திறந்து, உள்ளே இருப்பவர் இறங்கித் திட்டித் தீர்த்து, வண்டி நகர்ந்து போக நேரம் பிடித்தது. ஒன்று போவதற்குள் பத்து வந்தது.

பரந்தாமனின் கார் வரிசையில் ஊர்ந்து வந்ததை எப்சிபா தூரத்திலேயே அடையாளம் கண்டாள். வெள்ளைச் சட்டை, சந்தனம், பின் சீட்டில் பெட்டி. எங்கேயோ பாராட்டு விழாவுக்குக் கிளம்பியிருக்கிறார், மடியில் பொன்னாடை. நிதானமாக நடந்து போய் அவர் கண்ணாடிப் பக்கம் குனிந்தாள்.

“மேடம்! நல்லவேளை வந்தீங்க. இது என்ன கோளாறு? கதவைத் திறக்கச் சொல்லுங்க!”

“கோளாறு இல்ல சார். பதினோராம் அத்தியாயம்.”

“எனக்கு ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்!”

“அதை டாக்டர்லா சொல்லணும்.”

பரந்தாமன் அவள் முகத்தைப் பார்த்தார். கூட்டத்தில் அவள் சம்மதம் என்று சொன்னது ஏன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நெற்றியில் வியர்த்து, சந்தனம் கரைந்து மூக்கில் இறங்கியது.

“எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார்.

“என் வீட்டுக்காரர் உள்ள கெடந்ததை விட ஜாஸ்தி ஆவட்டும்னுதான் வேண்டிக்கிட்டு இருக்கேன்.”

“மேடம், எனக்குப் பூட்டின இடம்னா ஆகாது. மூச்சு முட்டும். நிஜமா சொல்றேன். உங்க ஆட்சேபம் சரிதான். அன்னிக்கே எனக்குத் தெரியும், சரிதான். எழுதித் தரேன். எங்க வேணா எழுதித் தரேன், எங்கிட்டதான் தப்புன்னு!”

இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை நாள் தூங்காமல் கிடந்திருக்கிறாள்! இப்போது நாலு விரல் இடுக்கு வழியே அது வந்து விழுந்தது. எப்சிபாவுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவர் இன்னொரு முறை சொன்னார்.

அப்போதுதான் பின்னாலிருந்து சைரன் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். வரிசை ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, கண்ணுக்கு எட்டியவரை நின்றது. அதன் நடுவில் எங்கேயோ ஒரு ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு சுற்றியது. அவளுடைய கால்கள் முதலில் புரிந்துகொண்டன. ஓடினாள். பரந்தாமன் பின்னாலிருந்து மேடம் மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் இப்போது சரியாகத்தான் பேசியது. தலை முதலில், 110, ஆறு. கோபுரத்தின் காதிலும் ஆறு என்றே விழுந்தது. ஆனால் அதற்கு முன்னால் இருப்பவை எல்லாமே ஆறு. எல்லோரும் ஆறாக இருந்தால் முதலில் வந்தவருக்கு முதலில் வழி, அவ்வளவுதான் கோபுரத்துக்குத் தெரிந்த நியாயம். முன்னால் பூக்கடைக்காரர் நின்றார். அவருக்கு முன்னால் டியூஷன் வேன் நின்றது, உள்ளே பிள்ளைகள் அழுதன.

எப்சிபா போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் உதவியாள் உள்ளே ஒரு மனிதனின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும், நைட்டி மேல் துண்டு போட்டு அப்படியே கிளம்பி வந்திருக்கிறாள். அவள் கணவனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்சிபா கதவை இழுத்தாள், அசையவில்லை. வாசல் இதோ தெரிகிறது. தூக்கிக்கொண்டு ஓடினால் ஓடிவிடலாம். கதவு மட்டும் திறக்க வேண்டும். கதவு வாசலில்தான் திறக்கும். ரோட்டோரம் கிடந்த கல்லை எடுத்துக் கண்ணாடியில் அடித்தாள். உடையாத கண்ணாடி, அதையும் பதினோராம் அத்தியாயம்தான் கேட்டிருந்தது. அடித்துக்கொண்டே டாக்டர், டாக்டர் என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். வாசலில் மாப்பிள்ளை டாக்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு முகூர்த்தம் தவறியதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்த பெண் கண்ணாடிக்கு வந்தாள். “ஏன்க்கா நிக்குது? ஏன் தொறக்க மாட்டேங்குது?” என்று கேட்டாள். இதோ போய்க்கொண்டுதான் இருக்கிறோம் என்று சொல்ல முடியுமா?

“எவங்க இப்படிச் சட்டம் போட்டது?” அந்தப் பெண் கண்ணாடியில் ஓங்கி அறைந்தாள். “நாசமாப் போக! அவங்க வீட்டு ஆளும் இப்படி நடுரோட்டுல கெடக்கணும்! கெடந்து சாவணும்!”

கெடந்தாச்சும்மா, செத்தாச்சு என்று எப்சிபா நினைத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது?

உதவியாள் கையை எடுத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான். அந்தப் பெண் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மறுபடி கண்ணாடிக்கு வந்தபோது அவள் கத்தவில்லை. எப்சிபாவின் கழுத்தில் தொங்கிய அட்டையைத்தான் பார்த்தாள்.

“நீ அந்தத் தெருமொழி ஆபீஸா?” என்று கேட்டாள். “இத எழுதினது யாரு? பேரைச் சொல்லு.”

வரைவின் முதல் பக்கத்தில் இருப்பது பரந்தாமன் பெயர்தான். கையெழுத்தும் அவருடையது. ஆளே அதோ, கொஞ்சம் முன்னால், கண்ணாடியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சொன்னால் அது பொய்யும் ஆகாது. அந்தப் பெயர் எப்சிபாவின் நாக்கு நுனி வரை வந்தது. வந்து நின்றது.

இந்தக் கேள்வியை அவளும் ஒருநாள் கேட்டிருக்கிறாள். பதில் கிடைத்த பிறகு என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“எப்சிபா” என்றாள். “எப்சிபா செல்வின்.”

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். மறந்துவிடக் கூடாது என்பதற்காக, வாய்க்குள்ளேயே அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.